லாப ஈவை எடுக்காமல் விட்டால் உண்மையில் எத்தனை விழுக்காடு வளர்ந்தது? ஓய்வுக்காலச் சேமிப்பை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி வாரியம்) லாப ஈவு அறிவிக்கப்படும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையானாலும் பட்டர்வொர்த் ஒட்டுக்கடையானாலும் மேசைக்கு மேசை விழுக்காட்டுப் பேச்சுதான். 'இந்த வருசம் ஆறு புள்ளி மூணு', 'என் ஃபண்ட் எட்டு கொடுத்துச்சு', 'எனக்கு மட்டும் ஏன் குறையுது' என்பவற்றில் பாதிக்கு மேல் அளவுகோல் குழப்பம். கீழே வரும் ஈ.பி.எஃப். விகிதங்கள் அறிவிக்கப்பட்டவை. யூனிட் டிரஸ்ட் (பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் ஃபண்ட்) எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை.

ஈவை மறுமுதலீடு செய்வது என்றால் என்ன? எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

இல்லை. மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் கணக்கு வேறு.

ஈ.பி.எஃப்.-இல் ஈவு உங்கள் இருப்போடு சேர்கிறது. அடுத்த ஆண்டு அந்த ஈவுக்கும் ஈவு உண்டு. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அமானா சஹாம் மலேசியா போன்ற நிலையான விலை ஃபண்டுகளில் ஒரு யூனிட் எப்போதும் 1 ரிங்கிட். ஈவு புது யூனிட்டாக வந்து சேரும், விலை இறங்காது. அதனால் அறிவித்த ஈவே அந்த ஆண்டின் வருமானம்.

விலை ஏறி இறங்கும் யூனிட் டிரஸ்டிலும் பி.ஆர்.எஸ். (தனியார் ஓய்வூதியத் திட்டம்) ஃபண்டிலும் கதை வேறு. ஈவு கொடுக்கும் நாளில் யூனிட் விலை அதே அளவு இறங்கும், உங்கள் யூனிட் எண்ணிக்கை கூடும். பணம் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகிறது, அவ்வளவுதான். தவறான கணக்குகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

ஈ.பி.எஃப்.-இல் பத்து வருட ஈவைக் கூட்டி மொத்த வருமானம் என்று சொல்லலாமா?

கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். 2015 முதல் 2024 வரை வழக்கமான (ஷரியா அல்லாத) சேமிப்புக்கு அறிவிக்கப்பட்ட விகிதங்கள் வரிசையாக: 6.40, 5.70, 6.90, 6.15, 5.45, 5.20, 6.10, 5.35, 5.50, 6.30.

கூட்டினால் 59.05% வரும். 10,000 ரிங்கிட் 15,905 ஆகியிருக்க வேண்டும் என்று தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: 1.064 × 1.057 × 1.069 × 1.0615 × 1.0545 × 1.052 × 1.061 × 1.0535 × 1.055 × 1.063 = 1.7746. அதாவது 17,746 ரிங்கிட். இடையில் புதிதாக ஒரு சென்னும் போடாமல், எடுக்காமல் விட்ட 10,000-க்கு இது. 1,841 ரிங்கிட் வித்தியாசம் முழுக்க ஈவு மேல் வந்த ஈவு.

ஆண்டுச் சராசரி வேண்டுமென்றால் 1.7746-க்குப் பத்தாம் மூலம் எடுக்க வேண்டும். கைப்பேசிக் கால்குலேட்டரைக் குறுக்கே திருப்பினால் அடுக்கு போடும் பொத்தான் தெரியும். 1.7746-ஐ 0.1 அடுக்குக்கு உயர்த்துங்கள்: 1.0590, அதாவது ஆண்டுக்கு 5.90%. விகிதங்களின் நேர்ச் சராசரி 5.905%. ஈ.பி.எஃப். விகிதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. ஆட்டம் அதிகமுள்ள ஃபண்டில் இந்த நேர்ச் சராசரி நன்றாகவே ஏமாற்றும். ஓர் ஆண்டு 50% ஏறி மறு ஆண்டு 50% இறங்கினால் சராசரி சுழியம், ஆனால் உங்கள் 10,000 ரிங்கிட் 7,500 ஆகியிருக்கும்.

6.30% என்று அறிவித்தார்கள். என் கணக்கில் 5.64% தான் வந்திருக்கிறது. எங்கே போனது மீதி?

எங்கும் போகவில்லை. வகுக்கும் எண்தான் தவறு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் கணக்கு இப்படி என்று வைத்துக்கொள்வோம்: ஆண்டுத் தொடக்கத்தில் 50,000 ரிங்கிட், அதன்பின் மாதம் 1,000 வீதம் ஆண்டில் 12,000 சந்தா.

50,000-க்கு முழு ஆண்டு ஈவு: 3,150 ரிங்கிட்.

சந்தாவுக்கு அப்படி இல்லை. ஜனவரியில் வந்த 1,000-க்கு 11 மாதம், பிப்ரவரியில் வந்ததற்கு 10 மாதம் என்று இறங்கி, டிசம்பரில் வந்ததற்கு ஏறக்குறைய எதுவுமில்லை. 11 + 10 + 9 … + 0 = 66 மாதம். 66,000 ÷ 12 × 6.30% = 346.50 ரிங்கிட்.

மொத்த ஈவு 3,496.50. இதை 62,000-ஆல் வகுப்பவருக்கு 5.64% கிடைக்கும், கோபமும் வரும். ஆனால் அந்த 12,000 ஆண்டு முழுக்க உள்ளே இல்லையே! சராசரியாக உள்ளே இருந்தது 50,000 + 5,500 = 55,500. அதனால் வகுத்தால் சரியாக 6.30%. சந்தா வந்த மாதம் முடிந்தபின் வாரியம் நாள் கணக்கில் பார்ப்பதால் உங்கள் அறிக்கையில் சில ரிங்கிட் முன்பின் இருக்கலாம்.

இந்தக் கணக்கை வாய்பாடாகச் சொன்னால்: இறுதி இருப்பிலிருந்து தொடக்க இருப்பையும் ஆண்டில் போட்டதையும் கழியுங்கள். அதைத் தொடக்க இருப்பு + (ஒவ்வொரு சந்தாவும் × உள்ளே இருந்த மாதம் ÷ 12) என்பதால் வகுங்கள். கணினி இல்லாமல் தாளிலேயே போடலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 50,000 இருந்தது இப்போது 65,496 ஆகிவிட்டது, 31% வளர்ச்சி என்று மகிழ்வது. அதில் 12,000 உங்கள் சம்பளமும் முதலாளி பங்கும்தான்.

சொந்தமாகப் போடும் சந்தாவை மாதத்தின் எந்த நாளில் போடுவது நல்லது?

ஈ.பி.எஃப்.-இல் மாதத்தின் 2ஆம் தேதி போட்டாலும் 25ஆம் தேதி போட்டாலும் அந்த மாதத்து ஈவில் வித்தியாசமில்லை. ஆனால் மாதம் தாண்டி 1ஆம் தேதி ஆகிவிட்டால் ஒரு மாத ஈவு போய்விடும். வங்கிப் பரிமாற்றம் தாமதமாகலாம் என்பதால் கடைசி நாள் வரை இழுக்காமல் இரண்டு மூன்று வேலை நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை சொந்தமாகப் போடலாம். நிலையான விலை ஃபண்டுகள் ஒவ்வொரு மாதத்தின் மிகக் குறைந்த இருப்பைப் பார்ப்பதால் அங்கும் இதே கதைதான். எடுக்கும்போதும் கவனம்: மாதக் கடைசியில் எடுத்தால் அங்கே அந்த மாதம் முழுதும் கணக்கில் வராது.

யூனிட் டிரஸ்டில் விலை ஏற்றத்தோடு ஈவு விழுக்காட்டைக் கூட்டினால் போதாதா?

கிட்டத்தட்ட சரியாக வரும், ஆனால் சரி அல்ல. ஆண்டுகள் கூடக் கூட இடைவெளியும் கூடும். ஓர் ஆண்டை எடுத்து முழுதாகப் பார்ப்போம்.

ஜனவரியில் யூனிட் விலை 0.5000. 10,000 ரிங்கிட்டுக்கு 20,000 யூனிட். (விற்பனைக் கட்டணத்தைப் பிறகு பார்க்கலாம்.) செப்டம்பரில் விலை 0.5400-க்கு ஏறியிருக்கிறது. அன்று யூனிட்டுக்கு 3 சென் ஈவு. மறுநாள் விலை 0.5100. உங்களுக்கு 20,000 × 0.03 = 600 ரிங்கிட் ஈவு. மறுமுதலீடு என்று குறித்திருந்தால் கையில் வராது. 600 ÷ 0.5100 = 1,176.47 புது யூனிட் வரும். மொத்தம் 21,176.47. டிசம்பர் முடிவில் விலை 0.5250.

மதிப்பு: 21,176.47 × 0.5250 = 11,117.65 ரிங்கிட். வருமானம் 11.18%.

விலையை மட்டும் பார்த்தவர் 5% என்பார். விலையும் ஈவும் கூட்டியவர் 2.5 சென் + 3 சென் = 5.5 சென், 50 சென்னுக்கு 11% என்பார். 0.18% எங்கிருந்து வந்தது? செப்டம்பரில் கிடைத்த 1,176 யூனிட்டும் 0.5100-இலிருந்து 0.5250-க்கு ஏறியதே, அதிலிருந்து.

யூனிட் எண்ணாமல் போடும் குறுக்கு வழியும் உண்டு. ஒவ்வோர் ஈவுக்கும் 1 + (ஈவு ÷ ஈவு கழிந்தபின் விலை) என்ற பெருக்கியைக் கண்டுபிடியுங்கள். இங்கே 1 + 0.03 ÷ 0.51 = 1.0588. விலை மாற்றம் 0.525 ÷ 0.5 = 1.05. இரண்டையும் பெருக்கினால் 1.1118. பத்து ஆண்டில் பத்து ஈவு இருந்தால் பத்துப் பெருக்கிகள், ஒரு விலை மாற்றம். அவ்வளவே.

இங்கே மூன்று இடத்தில் கைதவறும். ஈவுக்கு முந்தைய விலையால் வகுப்பது ஒன்று, 0.54-ஆல் வகுத்தால் யூனிட் குறைவாக வரும். மொத்த ஈவு, நிகர ஈவு என்று இரண்டு எண் அறிவித்திருந்தால் நிகரத்தை எடுக்காமல் விடுவது இரண்டாவது. சென் கணக்கில் உள்ளதை ரிங்கிட் ஆக்க மறப்பது மூன்றாவது: 3 சென் என்றால் 0.03, 0.3 அல்ல. சிரிக்க வேண்டாம், இதுதான் அதிகம் நடக்கிறது.

என் ஃபண்டின் செயலியில் 4.88% லாபம் என்று காட்டுகிறது. ஃபண்ட் நிறுவனம் வெளியிடும் ஃபேக்ட்ஷீட் (விவரத் தாள்) 11.18% என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

இருவருமே இல்லை. மேலே உள்ள அதே ஆளின் கணக்குத்தான் இது. சில செயலிகளும் அறிக்கைகளும் மறுமுதலீடு செய்த 600 ரிங்கிட்டைப் புதிதாக வாங்கியதாகப் பதிவு செய்கின்றன. அடக்க விலை 10,600 ஆகிவிடும். மதிப்பு 11,117.65. லாபம் 517.65, அதாவது 4.88%.

600 ரிங்கிட் உங்கள் சட்டைப்பையிலிருந்து போகவில்லை. ஃபண்டின் உள்ளேயே பிறந்தது. அதை முதலாக எண்ணினால், எவ்வளவு ஈவு கொடுக்கிறதோ அவ்வளவுக்கு ஃபண்ட் மோசமாகத் தெரியும். பல ஆண்டு வைத்திருப்பவருக்கு இந்தக் குறை மிகப் பெரிதாகும். நல்ல ஃபண்டை விற்றுவிட்டுப் போனவர்களும் இதனால் உண்டு.

சோதிப்பது எளிது. வங்கியிலிருந்து நீங்கள் உண்மையாக அனுப்பிய தொகைகளை மட்டும் கூட்டுங்கள். செயலி காட்டும் 'முதலீட்டுத் தொகை' அதைவிட அதிகமாக இருந்தால், ஈவு உள்ளே கலந்திருக்கிறது.

நிறைய ஈவு கொடுக்கும் ஃபண்ட் நல்ல ஃபண்ட் அல்லவா? ஈவுக்கு முதல் நாள் வாங்கச் சொன்னார்களே?

0.5400-க்கு வாங்குகிறீர்கள். மறுநாள் 0.5100 விலையும் 0.03 ஈவும். கூட்டினால் 0.5400. என்ன சம்பாதித்தீர்கள்? ஒன்றுமில்லை. வாங்கியதற்குக் கட்டணம் கொடுத்திருந்தால் அதுதான் நட்டம். ஈவே கொடுக்காமல் எல்லாவற்றையும் விலையிலேயே வைத்திருக்கும் ஃபண்டுகள் உண்டு. அவற்றை மட்டமாக நினைக்கக் காரணமில்லை. ஃபண்டை எடைபோட வேண்டியது மொத்த வருமானக் கணக்கை வைத்து, ஈவு அளவை வைத்து அல்ல.

நிலையான விலை ஃபண்டுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே ஈவுதான் வருமானம்.

என் ஃபண்டின் விலை ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதே!

முதலில் யூனிட் எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு யூனிட்டுக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்து யூனிட்டைப் பிரித்திருக்கலாம். 1.20 விலையில் 10,000 யூனிட் வைத்திருந்தவருக்கு 0.80 விலையில் 15,000 யூனிட். இரண்டும் 12,000 ரிங்கிட்தான். விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடுபவர், பிரிப்பதற்கு முந்தைய எல்லா விலைகளையும் 1.5-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஈவுகளையும் சேர்த்து வகுங்கள். விலையை மட்டும் வகுத்து ஈவை மறந்தால் பெருக்கி பெரிதாகி, கிடைக்காத லாபம் கணக்கில் ஏறும்.

பல வருடமாக அவ்வப்போது போட்டும் எடுத்தும் வந்திருக்கிறேன். என் சொந்த வருமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (XIRR) என்ற வாய்பாடு இருக்கிறது. இரண்டே நெடுவரிசை: இடப்புறம் தேதி, வலப்புறம் தொகை. நீங்கள் போட்டது கழித்தல் குறியோடு, எடுத்தது கூட்டல் குறியோடு. கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்றைய முழு மதிப்பும், கூட்டல் குறியோடு. மறுமுதலீடு செய்த ஈவுக்கு வரியே போடக்கூடாது. அது கடைசி வரி மதிப்பிலேயே இருக்கிறது. கையில் வாங்கிய ஈவு மட்டும் கூட்டல் வரியாக வரும்.

பழைய பதிவுகள் இல்லையென்றால் ஏதாவது ஒரு டிசம்பர் 31 இருப்பை முதல் வரியாக, கழித்தல் குறியோடு போட்டு அங்கிருந்து தொடங்கலாம்.

வாய்பாடு பிழை காட்டினால் பெரும்பாலும் எல்லாத் தொகையும் ஒரே குறியில் இருக்கும், அல்லது தேதி எழுத்தாகப் பதிந்திருக்கும். நம் ஊரில் நாள் முதலில், மாதம் பின்னால் எழுதுகிறோம். அமெரிக்க அமைப்பில் இருக்கும் தாளில் 03/05/2024 என்பது மார்ச் 5 ஆகிவிடும். 25/05/2024 தேதியாகவே ஏறாது. பிழை காட்டினால் தப்பித்தோம்; காட்டாமல் தவறான விடை தருவதுதான் ஆபத்து. தாளின் அமைப்பில் நாட்டை மலேசியா என்று மாற்றிவிட்டு தேதிகளை உள்ளிடுங்கள்.

ஈ.பி.எஃப்.-க்கு இதைப் போடுபவர்கள் கவனிக்க: ஜனவரியில் செயலியில் தெரியும் டிசம்பர் 31 இருப்பில் அந்த ஆண்டு ஈவு இருக்காது. அறிவிப்பு வந்து ஈவு சேர்ந்தபின் பாருங்கள். 2024 மே மாதம் முதல் கணக்கு அக்காவுன் பெர்சாரான், செஜாத்ரா, ஃபிளெக்சிபல் என்று 75, 15, 10 ஆகப் பிரிகிறது. மூன்றுக்கும் ஒரே ஈவு விகிதம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியதை எடுத்ததாக எழுதிவிடாதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் போட்ட பணத்துக்கு இதைப் பயன்படுத்தவும் வேண்டாம். இரண்டு மாதத்தில் 3% ஏறியிருந்தால் வாய்பாடு அதை ஆண்டுக்கு இழுத்து 19.4% என்று காட்டும். ஒரு வருடத்துக்குக் குறைவென்றால் வெறும் 3% என்றே சொல்வது நேர்மை.

ஃபண்ட் லாபம் என்கிறது, என் கணக்கு நட்டம் என்கிறது. எப்படி?

முதல் ஆண்டு ஃபண்ட் 20% ஏறுகிறது, இரண்டாம் ஆண்டு 10% இறங்குகிறது. 1.2 × 0.9 = 1.08. ஃபண்டின் கணக்கு: மொத்தம் 8%, ஆண்டுக்கு 3.92%. ஃபண்ட் மேலாளரை மதிப்பிட இதுதான் சரியான அளவு, ஏனென்றால் நீங்கள் எப்போது பணம் போடுவீர்கள் என்பது அவர் கையில் இல்லை.

நீங்கள் முதலில் 10,000 போட்டீர்கள். ஏறியதைப் பார்த்து இரண்டாம் ஆண்டு 30,000 போட்டீர்கள். 12,000 + 30,000 = 42,000; 10% இறங்கி 37,800. போட்டது 40,000. எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். ஆண்டுக்கு −4.44% காட்டும். இரண்டும் உண்மை. முதலாவது ஃபண்டைப் பற்றியது, இரண்டாவது உங்கள் நேரத் தேர்வைப் பற்றியது. ஃபண்டை மாற்றலாமா என்று முடிவெடுக்க முதலாவதைப் பாருங்கள். ஓய்வுக்குப் பணம் போதுமா என்று பார்க்க இரண்டாவது.

ஃபேக்ட்ஷீட் எண்ணில் விற்பனைக் கட்டணம் கழிந்திருக்கிறதா?

பொதுவாக இல்லை. விலைக்கு விலை, ஈவு மறுமுதலீடு செய்ததாக வைத்துக் காட்டுவார்கள். ஆண்டு நிர்வாகக் கட்டணம் விலையிலேயே கழிந்திருக்கும், நீங்கள் நுழையும்போது கொடுத்தது கழிந்திருக்காது. 3% கட்டணத்தில் 10,000 ரிங்கிட் போட்டால் வேலைக்குப் போவது 10,000 ÷ 1.03 = 9,708.74. ஃபண்ட் ஐந்தாண்டில் 30% ஏறினால் உங்களிடம் 12,621 இருக்கும். அவர்கள் ஆண்டுக்கு 5.39% என்பார்கள், உங்களுக்கு 4.77%. மறுமுதலீடு செய்யும் ஈவுக்கு வழக்கமாக இந்தக் கட்டணம் இல்லை. அறிக்கையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஈ.பி.எஃப். பணத்தை யூனிட் டிரஸ்டுக்கு மாற்றச் சொல்கிறார் முகவர். என்ன ஒப்பிட வேண்டும்?

உங்கள் அளவுகோல் சுழியம் அல்ல, ஈ.பி.எஃப். ஈவு. அங்கேயே விட்டிருந்தால் ஆண்டுக்கு 5.5% வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், முகவர் வழி 3% கட்டணம் கொடுத்து மூன்றாண்டு வைத்திருப்பவருக்கு ஃபண்ட் ஆண்டுக்கு 6.54% ஏறினால்தான் சமம். அதற்கு மேல் வந்தால்தான் லாபம். ஈ.பி.எஃப்.-இன் இணையச் சேவையான ஐ-இன்வெஸ்ட் வழி நீங்களே வாங்கினால் கட்டணம் 0.5%-க்கு மேல் போகாது, தடை வெகுவாக இறங்கிவிடும். முகவர் சொல்லும் 'மூன்று வருடத்தில் 15%' என்பது கேட்க நன்றாக இருக்கும், ஈ.பி.எஃப். 5.5% வீதம் மூன்றாண்டில் 17.4% என்று பதில் சொல்லலாம்.

கணக்கில் ஒரு சிக்கல்: இப்படி வெளியே போன பணம் ஈ.பி.எஃப். அறிக்கையில் எடுத்ததாகத் தெரியும். தனித்தனியாக அளந்தால் அங்கே எடுத்தது, இங்கே போட்டது என்று இரண்டு வரி. மொத்தமாக அளந்தால் அந்த வரியே வேண்டாம், கடைசியில் இரு இருப்பையும் கூட்டினால் போதும்.

அப்படியானால் ஈ.பி.எஃப். ஈவும் ஃபண்டின் மொத்த வருமானமும் ஒரே இனமா?

அல்ல. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. யூனிட் டிரஸ்ட் விலை தினமும் சந்தை மதிப்பைக் காட்டுகிறது. ஈ.பி.எஃப். ஈவு பெரும்பாலும் கைக்கு வந்த வருமானத்திலிருந்து பங்கிடப்படுவது; வைத்திருக்கும் பங்குகளின் விலை ஏறியிருந்தாலும் விற்காதவரை அந்த ஏற்றம் முழுதாக ஈவில் வராது, இறங்கினாலும் அப்படியே. அதனால் ஈ.பி.எஃப். எண் இயல்பாகவே வழவழப்பாக இருக்கும். ஓர் ஆண்டை ஓர் ஆண்டோடு ஒப்பிடுவது வீண். குறைந்தது ஐந்து, முடிந்தால் பத்து ஆண்டு எடுங்கள். வழக்கமான சேமிப்புக்குச் சட்டப்படி 2.5% குறைந்தபட்ச ஈவு உண்டு, ஷரியா சேமிப்புக்கு அந்த உத்தரவாதம் இல்லை. யூனிட் டிரஸ்டுக்கு எதுவும் கிடையாது.

ஷரியாவையும் வழக்கமானதையும் ஒப்பிடக் கேட்பவர்களுக்கு: 2017 முதல் 2024 வரை எட்டாண்டில் 10,000 ரிங்கிட் வழக்கமானதில் 15,780, ஷரியாவில் 15,389. 2024இல் இரண்டுக்கும் 6.30%.

என் ஃபண்ட் கே.எல்.சி.ஐ.-யை முந்திவிட்டது என்கிறார்கள். நம்பலாமா?

கே.எல்.சி.ஐ. என்பது மலேசியப் பங்குச் சந்தையின் முதன்மைக் குறியீடு. எந்தக் கே.எல்.சி.ஐ. என்று கேளுங்கள். செய்தியில் வரும் எண் விலைக் குறியீடு. 30 நிறுவனங்கள் கொடுக்கும் ஈவு அதில் இல்லை. 2013 முடிவில் சுமார் 1,867 ஆக இருந்தது 2023 முடிவில் சுமார் 1,455; பத்தாண்டில் 22% இறக்கம். ஒரு பேச்சுக்கு ஆண்டுக்கு 3.5% ஈவை மறுமுதலீடு செய்ததாக வைத்தால் அதே பத்தாண்டு சுமார் 10% ஏற்றமாக மாறிவிடும். ஈவு சேர்த்த ஃபண்டை ஈவு சேர்க்காத குறியீட்டோடு ஓட்டப்பந்தயத்தில் விடுவது, ஒருவரை முப்பது மீட்டர் முன்னால் நிற்க வைப்பது போன்றது. மொத்த வருமானக் குறியீடு தனியாக வெளியிடப்படுகிறது, அதோடு ஒப்பிடுங்கள்.

பி.ஆர்.எஸ்.-க்கு வரிக் கழிவு கிடைக்கிறதே, அதையும் வருமானத்தில் சேர்க்கலாமா?

உங்கள் சொந்தக் கணக்கில் சேர்க்கலாம், ஃபண்டின் கணக்கில் கூடாது. ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை கழிவு. 19% வரிப் படியில் இருப்பவருக்கு 570 ரிங்கிட் மிச்சம், 11% படியில் 330. எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். தாளில், வரிப் பணம் திரும்பி வந்த தேதியில் 570-ஐக் கூட்டல் வரியாகப் போடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அந்த 19% ஒருமுறைதான். 20 ஆண்டு உள்ளே கிடக்கும் பணத்துக்கு அது ஆண்டுக்குச் சுமார் 1.06% கூடுதலாகத்தான் நிற்கும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவருக்கு அதுவும் இல்லை. ஓய்வு வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக 8% வரி பிடிக்கப்படும்.

ஓய்வு பெற்றுவிட்டேன். ஈவை மட்டும் எடுத்துச் செலவு செய்கிறேன். எனக்கு எந்த விழுக்காடு?

விழுக்காடு கிட்டத்தட்ட அதேதான், தொகைதான் வேறு. மேலே சொன்ன பத்தாண்டில் 10,000-க்கு ஈவை எடுத்துக்கொண்டே வந்தவர் 5,905 ரிங்கிட் செலவழித்திருப்பார், 10,000 அப்படியே இருக்கும். அவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 5.9%. ஆனால் 'சேமநிதி பத்து வருடத்தில் 77% வளர்ந்தது' என்ற வாக்கியம் அவருக்குப் பொருந்தாது. ஈவை விட்டுவைத்தால் 5.9% வீதத்தில் பணம் பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகும். எடுத்துக்கொண்டே இருந்தால், எடுத்ததையும் சேர்த்து எண்ணினாலும் பதினேழு ஆண்டு ஆகும். விட்டுவைத்த 10,000-இன் வாங்கும் சக்தி விலைவாசியால் தேய்வதும் இவரைத்தான் முதலில் சுடும்.

விலைவாசியை எப்படிக் கழிப்பது?

வகுத்துக் கழியுங்கள். 2024இல் ஈவு 6.30%, பணவீக்கம் 1.8%. 1.063 ÷ 1.018 = 1.0442. உண்மை வளர்ச்சி 4.42%. வெறும் கழித்தலில் 4.5% வரும், ஓராண்டுக்குப் பரவாயில்லை, இருபது ஆண்டுக்குப் போட்டால் தவறு தெரியும்.

எந்தக் காகிதங்களை வைத்திருக்க வேண்டும்?

ஈ.பி.எஃப். ஆண்டு அறிக்கையை ஐ-அக்காவுன் இணையக் கணக்கிலிருந்து ஈவு சேர்ந்தபின் ஒவ்வோர் ஆண்டும் இறக்கி வையுங்கள். யூனிட் டிரஸ்டுக்கு ஒவ்வோர் ஈவுச் சீட்டிலும் நான்கு எண் வேண்டும்: ஈவு கழிந்த நாள், யூனிட்டுக்கு நிகர ஈவு, மறுமுதலீட்டு விலை, கிடைத்த யூனிட். விலையை நான்கு தசமத்தோடு குறியுங்கள், 0.51 என்று சுருக்கினால் 0.5149-ம் 0.5051-ம் ஒன்றாகிவிடும். வங்கிப் பரிமாற்றப் பதிவுகளைத் தனியாக வையுங்கள், ஏனென்றால் முகவர் மாறலாம், செயலி மாறலாம், பழைய பரிவர்த்தனைகள் புதுச் செயலிக்கு வராமலும் போகலாம். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதம் உட்கார்ந்து போட்டால் ஒரு மணி நேர வேலை.